குதிகால் எழுத்து

கையெழுத்து ஒண்ணுதான் போடணும். தாளோட வலது கீழ் மூலையில பிரஸ் தனுஷ்கோடி அண்ணன் ரப்பர் ஸ்டாம்ப் குத்தி வச்சிருக்காரு, ‘பார்த்தேன், சரி’ன்னு ஒரு கட்டம், அதுக்குள்ள பாண்டீஸ்வரின்னு எழுதி அடியில ஒரு கோடு இழுத்தா முடிஞ்சது சோலி, பன்னெண்டு மணிக்கு மெஷின்ல ஏத்திருவாரு, மூணு மணிக்கெல்லாம் போஸ்டர் பூராம் கட்டுக் கட்டி பிரஸ் வாசல்ல கிடக்கும். பேனா மூடியைக்கூட அவரே கழட்டிக் குடுத்துட்டாரு. சுவத்துக் கடிகாரத்துல பதினொண்ணு இருபது. மேஜையில ப்ரூஃப் விரிச்சுக் கிடக்கு, ஆறே எழுத்து, உட்காருவோம், தாளோட தலையிலருந்து இடுப்பு வரைக்கும் நெட்டையா ஒல்லியா, தோளோட தோள் இடிச்சுக்கிட்டு நிக்குது, அதுக்குக் கீழ பொடியா ‘ஜவுளிக்கடைப் பெண்கள், நாளை மாலை நாலு மணி, பத்து நிமிடம், நிற்கும் இடத்திலேயே’. ஒரு தப்பு இல்ல. எல்லாம் நான் வரைஞ்ச எழுத்துதான், நான் வச்ச உயரம்தான், நான் விட்ட இடைவெளிதான், ஆனா இது என் போஸ்டர் இல்ல. கீறல் எங்க? ஒரு கீறலைக் காணோம். குளிப்பாட்டி எண்ணெய் தேய்ச்சு விட்ட மாதிரி கன்னங்கரேல்னு வழவழன்னு நிக்குது ஆறும்.

தூசி ரொம்ப இருந்துச்சு தாயி, எல்லாத்தையும் எடுத்துட்டேன், அப்படின்னாரு அண்ணன், சிரிச்சுக்கிட்டே. காலையில எட்டு மணிக்கே வந்து என் ஃபைலைத் திறந்தாராம். திறந்தவருக்குப் பகீர்னு ஆயிருச்சாம், எழுத்து பூராம் ஓட்டை, விரிசல், பொரிஞ்சு உதிர்ந்த பெயின்ட் மாதிரி. பாவம் இந்தப் புள்ள ஸ்கேனர் கண்ணாடியைத் துடைக்காம ஸ்கேன் பண்ணிட்டுப் போயிருச்சுன்னு நினைச்சு, ரெண்டரை மணி நேரம், கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டுக்கிட்டு, ஒவ்வொரு ஓட்டையா அடைச்சிருக்காரு மனுஷன். யாரு செய்வா அடுத்தவ ஃபைலுக்கு இப்படி? ஏசணும்னு வந்த வாய் அப்படியே நின்னுபோச்சு. அவரு பிழைப்பே அதுதானே, கறுப்புல ஒரு வெள்ளைத் துணுக்கு தெரிஞ்சா முதலாளி அவரைத்தான் கூப்பிட்டு வாங்கு வாங்குன்னு வாங்குவாரு, முப்பது வருஷமா புள்ளி தேடித் தேடி அடைச்ச கை, ஓட்டையைப் பார்த்தா சும்மா இருக்குமா. இது தூசி இல்லண்ணேன்னு சொல்லத்தான் வாயெடுத்தேன். அதுக்குள்ள நேரத்தைச் சொல்லிட்டாரு. இப்ப கையெழுத்துப் போட்டா பன்னெண்டுக்கு ஓடும். பழையபடி கீறலோட அச்சுப் பிளேட் எடுக்கிறதுன்னா முக்கால் மணி நேரம், அதுக்குள்ள மாரியம்மன் கோயில் கூழ் ஊத்துற நோட்டீஸ் மெஷின்ல ஏறிரும், ஆடி மாசம், அம்மன் வேலையைத் தள்ளி வைங்கன்னு எந்த வாயால கேக்குறது, அது இறங்கவே அஞ்சு மணி ஆகும், பெறகுதான் நீ. டீ குடிச்சுட்டு வர்றேன், யோசிச்சுப் போட்டு வையி தாயின்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. பேனாவும் நானும் நிக்கிறோம்.

தூசியாம். தூசின்னா துடைச்சா போயிரும். இது எதுன்னு தெரியுமா அவருக்கு, எப்படித் தெரியும், நான் சொன்னாத்தானே தெரியும், நேத்து பென்டிரைவை நீட்டுறப்பவே சொல்லியிருக்கணும், சொல்லாம விட்டது என் கொழுப்பு, பார்த்த உடனே புரிஞ்சிரும்ங்கிற கொழுப்பு. அஞ்சு நாள் அண்ணே. அஞ்சு நாள் ஆறு பேரு நின்ன நிலை அது. எழுத்தை முதல்ல நான் மொழுமொழுன்னுதான் வரைஞ்சேன், நீங்க இப்ப ஆக்கி வச்சிருக்கீங்களே அதே மாதிரி. ஒல்லியா வரையிறதுக்கே உயிர் போச்சு. நம்ம எழுத்துக்கு உடம்பு அகலம், ஒரு ‘வோ’வுக்கு முன்னால ஒண்ணு பின்னால ஒண்ணு துணைக்கு வேணும், அதை மவுஸ்ல பிடிச்சு ரெண்டு பக்கமும் நசுக்கினா நெடுக்குக் கோடு நூலா மெலிஞ்சிரும், படுக்கைக் கோடு மட்டும் தடியா நிக்கும், பார்க்கச் சகிக்காது, அதனால நசுக்காம ஒவ்வொண்ணையும் புதுசா வரையணும், வயித்துல இருக்கிற வெள்ளையைக் குறைச்சு, ஆனா மூச்சு முட்டாம. ஜவுளிக்கடையில கவுண்டருக்கும் அலமாரிக்கும் நடுவுல ஒன்றரை அடி. அந்த ஒன்றரை அடிக்குள்ள எட்டு வருஷம் நின்னவ நானு, எனக்கு அளவு சொல்லித் தரணுமா. வரைஞ்சு முடிச்சு, எழுத்துக்கு ஒரு தாளா பிரின்ட் எடுத்து, சேலைப் பெட்டி அட்டையில ஒட்டி, வேலுத்தாய்கிட்ட குடுத்தேன். வேலுத்தாய் பட்டு செக்ஷன், நான் இருந்தப்ப எனக்கு அடுத்த கவுண்டர், இப்ப இதுக்கெல்லாம் முன்னால நிக்கிறவ. அவ அதை உள்ள கொண்டுபோயி ஆளுக்கொண்ணு காலுக்கடியில போட்டுட்டா. உ காட்டன்ல, ட் சுடிதார்ல, கா ஜன்னத்து நிக்கிற பட்டுல, ரு அமலிக்கு, இப்படி நாலு மாடிக்கும். காலையில ஒன்பதரையிலருந்து ராத்திரி கடை அடைக்கிற வரைக்கும் செருப்பில்லாக் காலோட அதுமேலயே நின்னாங்க. ஃப்ளோர் மேனேஜர் பார்த்துருக்காரு, என்னம்மா இதுன்னு கேட்டுருக்காரு, தரை சில்லுங்குது சார்னு வேலுத்தாய் சொன்னாளாம், நல்ல ஐடியான்னுட்டுப் போயிட்டாராம். அஞ்சு நாளும் அந்த வார்த்தை மேலயே மேலயும் கீழயுமா நடந்திருக்கான் அந்த ஆளு, மாடிக்கு மாடி சிதறிக் கிடந்த எழுத்தை எங்க கூட்டிப் படிக்க. அதை நினைச்சா இப்பவும் எனக்குச் சிரிப்பு வருது.

சிரிப்பா வருது, சிரி, இப்ப சிரிச்சு என்ன பண்ண. அட்டை திரும்பி வந்தன்னைக்கு, இப்ப நான் வேலை பார்க்கிற டிசைன் ஸ்டுடியோவுல தனியா உட்கார்ந்து ஆறையும் பார்த்தேன், கண்ணு கலங்கிருச்சு எனக்கு, சொல்றதுக்கு என்ன வெக்கம். ஜன்னத்துக்குக் குதிகால் வெடிப்பு, அது ‘கா’வோட கால்ல குறுக்க ஒரு ஓடை மாதிரி விழுந்திருந்துச்சு. அமலிக்கு ஏழு மாசம், ஒரு கால்ல நிக்க முடியாம மாத்தி மாத்தி நின்னிருக்கா, ‘ரு’வுல ரெண்டு பக்கமும் கறுப்பே இல்ல, நடுவுல மட்டும் மிச்சம். அதைத்தான் அப்படியே ஸ்கேன் பண்ணேன். இதை நான் கம்ப்யூட்டர்ல செஞ்சிருக்க முடியாதா? தாராளமா முடியும். காசு குடுத்தா கீறல் போட்ட எழுத்தே விக்குது, எங்க ஸ்டுடியோவுல அப்படி நாப்பது கிடக்கு. பைபாஸ் ரோட்டுல போன வருஷம் திறந்த பிரியாணிக் கடைக்கு நான்தான் போர்டு பண்ணேன், அந்தக் காலத்துல இருந்தே இருக்கிற மாதிரி வேணும்னாங்க, நெட்டை எழுத்தை எடுத்துப் போட்டு, கீறலை அள்ளித் தெளிச்சு, ஓரத்துல துரு வச்சுக் குடுத்தேன், ஆகா ஓகோன்னாங்க, எங்க ஸ்டுடியோ முதலாளி எல்லாருக்கும் அதைக் காட்டிப் பெருமை பேசுனாரு. எனக்கு மட்டும் தெரியும், அந்தப் போர்டுல ரெண்டு ‘ரி’ வந்தா ரெண்டுலயும் அதே இடத்துல அதே கீறல். விலைக்கு வாங்குன கீறலுக்கு அதுதான் அடையாளம், ஒரே அடி எல்லார் மேலயும் அச்சுப் பிசகாம விழுந்திருக்கும். ஏசி ரூம்ல உட்கார்ந்துக்கிட்டு எத்தனை பேருக்கு நான் கஷ்டத்தைச் சாயம் மாதிரி பூசிக் குடுத்திருக்கேன். பனியனுக்கு, காப்பிக் கடைக்கு, ஜிம்முக்கு. ஒருத்தனும் அதைத் தூசின்னு அடைச்சதில்ல. நிஜமாவே தேஞ்ச எழுத்தை முதல் தடவையா ஒருத்தர் கையில குடுக்கிறேன், அதைப் போயி அடைச்சு வச்சிருக்காரு. இந்தக் கூத்தை யாருகிட்ட சொல்ல.

ஆனா பாண்டி, ஒண்ணு கேக்குறேன், மனசைத் தொட்டுச் சொல்லு. இது அவளுகளுக்காகவா, உனக்காகவா? தெருவுல பைக்ல போறவன் உட்காருவோம்ங்கிறதைப் படிச்சாப் பத்தாதா, அது ஜன்னத்து குதிகால்னு அவனுக்கு யாரு சொல்லப்போறா? கீறல் இருந்தாலும் இல்லாட்டியும் வார்த்தை அதேதான். நான் இங்க முறுக்கிக்கிட்டு நின்னு, போஸ்டர் அஞ்சு மணிக்குக் கிடைக்காமப் போச்சுன்னா? காலையில கடைக்குள்ள போறதுக்கு முன்னாடி வேலுத்தாய் போன்ல சொன்னது காதுலயே கிடக்கு, அஞ்சு மணிக்குள்ள ஒட்டுறவங்க கைக்கு வந்திரணும் பாண்டி, ஊருக்குத் தெரியாம உட்கார்ந்தோம்னா ஊருக்குத் தெரியாமலே எங்களைத் தூக்கிருவாங்க. அவ சொன்னது சத்தியம். ஊரே போஸ்டரைப் பார்த்துட்டு நாலு மணிக்குக் கடை வாசல்ல வந்து எட்டிப் பார்த்துக்கிட்டு நின்னாத்தான் மேனேஜர் வாயை மூடிக்கிட்டு இருப்பான், இல்லன்னா ஆறு பேருக்கும் மறுநாள் கேட் திறக்காது. அமலிக்கு ஏழு மாசம். அவ புருஷனுக்கு வேலை இல்ல. ஒரு கீறலுக்காக அவ சோத்துல மண்ணள்ளிப் போடவா நான்? போன் பண்ணிக் கேப்போம்னா, வேலை நேரத்துல போனையெல்லாம் வாங்கிப் பூட்டி வச்சிருவான், மத்தியானம் சாப்பாட்டுக்கு விடுற பதினஞ்சு நிமிஷம்தான் கிடைக்கும், அது ரெண்டு மணிக்கு. அதுக்குள்ள இங்க எல்லாம் முடிஞ்சிரும். போட்டுரு பாண்டி. போட்டுட்டுப் போ. கட்டத்துக்கிட்ட பேனா போகுது, ‘பா’ன்னு ஆரம்பிக்கப் போறேன், இடது கெண்டைக்கால்ல சுரீர்னு இழுக்குது அந்த நரம்பு, பச்சையாப் புடைச்சுக்கிட்டுக் கிடக்குமே, கடையை விட்டு ஆறு வருஷமாகியும் விடமாட்டேங்குது, கொஞ்ச நேரம் நின்னாப் போதும், வந்துட்டேன்னு கூப்பிடுது.

எந்திரி. அந்தக் குரல்தான் எப்பவும் கூடவே வருது. கடையில நின்ன கடைசி வருஷம், தீபாவளிக்கு முந்தின ஞாயித்துக்கிழமை, ஒரு குடும்பம், மெத்தையில சம்மணம் போட்டு எட்டுப் பேரு, அறுபது சேலை பிரிச்சுக் காட்டியிருப்பேன், அதெல்லாம் வேணாம் வேற எடும்மான்னுக்கிட்டே இருக்காங்க, மாதவிடாய் ரெண்டாம் நாள் எனக்கு, இடுப்புக்குக் கீழ எனக்கு உடம்பு இருக்கான்னே தெரியல. கீழ கிடந்த சேலையை மடிக்கிற சாக்குல குனிஞ்சவ அப்படியே தரையில உட்கார்ந்துட்டேன். ஒரு நிமிஷம் இருக்குமா, இருக்காது. தோள்ல மேனேஜரோட அளவுக்கம்பி பட்டுச்சு, துணி அளக்கிற கம்பி. அடிக்கல, தட்டுனாரு, மாட்டைத் தட்டுற மாதிரி. எந்திரி. அவ்வளவுதான் சொன்னாரு. எட்டுப் பேரும் என்னையப் பார்த்தாங்க. அதுல ஒரு பொம்பளப் புள்ளை, சின்னதுதான், அம்மா அந்த அக்கா ஏன் உட்காரக் கூடாதுன்னு கேட்டுச்சு, அந்த அம்மா ஒரு சேலை முந்தியை எடுத்து வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பார்த்துச்சு. நான் எந்திரிச்சேன். எந்திரிச்சு, சிரிச்சு, அறுபத்தி ஒண்ணாவது சேலையை எடுத்துப் பிரிச்சேன். அன்னைக்கு நான் ஏன் எந்திரிச்சேன்னு இன்னைக்கு வரைக்கும் என்னையவே கேட்டுக்கிட்டு இருக்கேன். பயம்தான். வேற என்ன இருக்கு. ராத்திரி வீட்டுல கால்ல தண்ணி ஊத்திக்கிட்டே அழுதேன், ரெண்டு மாசம் கழிச்சு வேலையை விட்டு நின்னுட்டேன், பகல் பூராம் கம்ப்யூட்டர்ல எழுத்துக் கோக்கிற டிடிபி படிக்கப் போனேன், உட்கார்ந்து பார்க்கிற வேலை உலகத்துல எது இருந்தாலும் சரின்னு. எழுத்து மேல காதல் கீதல் எல்லாம் இல்ல எனக்கு அப்ப. நாற்காலி மேல காதல்.

அதனாலதான் கேக்குறேன், இதுல இருக்கிற ஓட்டையை முழுசா அடைச்சுக் குடுத்தா யாருக்குச் சந்தோஷம்? அந்த மேனேஜருக்குத்தான். அவன் சொல்றதும் அதேதானே, லிப்ஸ்டிக் போட்டுக்கோ, சேலைக்குப் பின் குத்திக்கோ, சிரி, வலிக்கிறது முகத்துல தெரியக் கூடாது. தேஞ்சது வெளிய தெரியக் கூடாது. அண்ணன் அன்பாத்தான் செஞ்சாரு, அவன் அதிகாரமாச் செய்றான், ஆனா ரெண்டு பேரும் கடைசியில கொண்டுவந்து நிறுத்துறது ஒரே இடம்தான், கன்னங்கரேல்னு, நேரா, ஒரு குத்தம் சொல்ல முடியாத மாதிரி. இந்தக் கறுப்பு எழுத்தைப் பார்க்கிறவன் என்ன நினைப்பான், யாரோ கட்சிக்காரன் என்னத்தையோ ஒட்டியிருக்கான்னு போயிருவான். அந்த ‘ரு’வைப் பார்த்தா போக மாட்டான். ஏன்னு தெரியாது அவனுக்கு, ஆனா இது மேல யாரோ ரொம்ப நேரம் நின்னிருக்காங்கன்னு அவன் காலுக்குத் தெரியும். என்ன பேசுற பாண்டி, காலுக்கு எப்படித் தெரியும்? தெரியும். என் காலுக்குத் தெரியுதுல்ல. அதோட, நான் அவளுகளுக்கு வாக்குக் குடுத்தேன். அட்டையைத் திருப்பித் தர்றப்ப அமலி என்னைய ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா, இது நான் நின்னதுன்னு போஸ்டர்ல தெரியுமாக்கான்னு. தெரியும்னேன். அச்சடிச்சு ஊர் பூராம் ஒட்டுவேன்னேன். இப்ப பிரஸ்ல தூசின்னு துடைச்சுட்டாங்கடின்னு சொல்லவா? அவ பரவாயில்லக்கான்னுவா. அந்தப் பரவாயில்லக்காவை என்னால கேக்க முடியாது.

அண்ணன் வந்துட்டாரு, துண்டுல வாயைத் துடைச்சுக்கிட்டு. பதினொண்ணு முப்பத்தஞ்சு. கட்டத்தைக் குனிஞ்சு பார்த்தாரு, அதுல ‘பா’ கூட இல்ல, பேனா வச்ச இடத்துல ஒரு புள்ளி மட்டும். என்ன தாயி யோசனைன்னாரு. ப்ரூஃபை மேஜையிலருந்து எடுத்தேன், தரையில போட்டேன், செருப்பைக் கழட்டிட்டு அதுமேல ஏறி நின்னேன். பதறிட்டாரு, கீழ மை, எண்ணெய், தாள் துகள்னு என்னென்னமோ கிடக்கும். ஒரு கால்ல நின்னேன், மாத்தி நின்னேன், மறுபடி மாத்தினேன், கவுண்டருக்குப் பின்னால நிக்கிற மாதிரியே, குதிகாலைத் தேய்ச்சு. பெறகு இறங்கித் தாளைத் தூக்கி அவரு கையில குடுத்தேன். ‘ரு’ மேல கறுப்பு லேசா உதிர்ந்திருந்துச்சு, ரெண்டு பக்கமும்.

“இது தூசி இல்லண்ணே. காலு. ஒவ்வொரு எழுத்து மேலயும் ஒரு பொம்பள அஞ்சு நாள் நின்னிருக்கா. நீங்க அடைச்ச ஓட்டையெல்லாம் அவளுக காலு.”

அவரு தாளை வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தாரு, கண்ணாடியை ஏத்திவிட்டுப் பார்த்தாரு, பழைய ஃபைலைத் திரையில திறந்து ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பார்த்தாரு. பெறகு கடிகாரத்தைப் பார்த்தாரு. அம்மன் நோட்டீஸ் பன்னெண்டுக்கு ஏறணும் தாயின்னாரு, முன்னை விடக் குரல் இறங்கித்தான் இருந்துச்சு, ஆனா சொன்னாரு. முதலாளி கேட்டா நான் என்ன சொல்லுவேன்னாரு. நியாயந்தான், அவருக்கும் மேல ஒருத்தன் இருக்கான். மெஷினுக்கு முன்னால ஒரு ஸ்டூல், அதுமேல பசை டின். டின்னை எடுத்துக் கீழ வச்சேன். ஸ்டூலைத் தாள் உள்ள போற வாய்க்கு நேரா இழுத்துப் போட்டேன். உட்கார்ந்தேன். என்னையத் தாண்டாம அந்த மெஷினுக்கு யாரும் ஒரு தாள் குடுக்க முடியாது, அம்மனா இருந்தாலும் சரி. தாயே மன்னிச்சுக்கோன்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேன்.

“எந்திரி தாயி”ன்னாரு அண்ணன், கெஞ்சுற மாதிரி.

அவரு எதையும் நினைச்சுச் சொல்லல. அவருக்கு எப்படித் தெரியும். ஆனா எனக்கு முதுகுல சில்லுன்னு ஏறுச்சு, தோள்ல அளவுக்கம்பி பட்ட மாதிரி, எட்டுப் பேரு பார்க்கிற மாதிரி, காலு ரெண்டும் தானாவே ஊணி எந்திரிக்கப் பார்க்குது, பழகுன காலு, சொன்ன சொல் கேக்குற காலு. உட்கார்ந்தே இருந்தாத்தான் என்ன ஆயிரும்? ஸ்டூலோட விளிம்பை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டேன்.

“எந்திரிக்க மாட்டேண்ணே.”

அவரும் நின்னுக்கிட்டுத்தான் இருக்காரு, அப்பத்தான் கவனிக்கிறேன், இந்த ரூம்ல இருக்கிற ஒரே ஸ்டூல்ல நான் உட்கார்ந்திருக்கேன், மெஷின் ஓடுற எட்டு மணி நேரமும் இந்த மனுஷன் இதே இடத்துல நிக்கிறவருதான், பசை டின்தான் உட்கார்ந்திருக்கும். அவரு கண்ணு என் கெண்டைக்காலுக்குப் போச்சு, அந்தப் பச்சை நரம்புல ஒரு நிமிஷம் நின்னுச்சு, பெறகு அவரோட பாதத்துக்குப் போச்சு. கோயில்காரங்ககிட்ட கரண்ட் போயிருச்சுன்னு சொல்லிக்கிறேன்னு முனகிட்டு, என் பழைய ஃபைலையே எடுத்துக்கிட்டுப் பிளேட் எடுக்க உள்ள போனாரு. முக்கால் மணி நேரம்னு சொன்னவரு அரை மணி நேரத்துல பிளேட்டோட வந்தாரு. ஓட்டம் பிந்திருச்சு, மூணு மணிக்குள்ள மை காயாது, மேல மேல அடுக்குனா ஒட்டிக்கும்னாரு. ஈரத்தோடயே தாங்கண்ணே, ஆட்டோவுல விரிச்சுப் பிடிச்சுக்கிட்டுப் போறேன்னேன். அதுக்கப்புறம் நான் நகந்தேன், ஸ்டூலோட சேர்த்து, எந்திரிக்காம, தேய்ச்சு இழுத்துக்கிட்டே ஒரு ஓரத்துக்கு. மெஷின் கிளம்புச்சு. முதல் மஞ்சத் தாள் வெளிய வந்து விழுந்துச்சு, அண்ணன் அதை எடுத்துப் பழக்க தோஷத்துல புள்ளி தேடுனாரு, ‘ரு’கிட்ட வந்ததும் விரலை எடுத்துட்டாரு. யாரு தாயி இதுன்னு கேட்டாரு. அமலின்னேன், ஏழு மாசம்னேன். தலையாட்டிக்கிட்டு அடுத்த தாளுக்குப் போனாரு. நான் காலு ரெண்டையும் நல்லா நீட்டி வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்.